ஐந்தாவது கட்டத்தில் எழுதிய ‘இல்லை’

கண் கிளினிக்கில் பவர் பார்க்கிறவனுக்கு வேலை இரண்டே இரண்டுதான்: நாள் முழுக்கக் கேள்வி கேட்பது, வருகிற பதில் எதையும் நம்பாமல் இருப்பது.

“இது நல்லா தெரியுதா, அது நல்லா தெரியுதா?” என்று கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட்டு உங்களை யாராவது இருட்டறையில் வதைத்திருந்தால், அவன் என் இனத்தான். “ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கு” என்று நீங்கள் பதில் சொல்லியிருந்தால், என் ஆயுளில் ஒரு நாளைக் குறைத்தது நீங்கள்தான். ஆக, இரண்டு பக்கமும் அடிபட்டவர்கள் நாம். தொண்ணூறுகளின் நடுவில் அரக்கோணத்திலிருந்து பெங்களூருக்கு வந்து, ஆஸ்டின் டவுனில் ஒரு கண் டாக்டரிடம் வேலைக்குச் சேர்ந்தேன். இரண்டு வருட டிப்ளமோ, வெள்ளைக் கோட்டு, அதில் பெயர் பொறித்த பேட்ஜ் எல்லாம் எனக்கு உண்டு. இருந்தும் ஊரே என்னைக் கம்பவுண்டர் என்றுதான் கூப்பிட்டது.

மெட்ராஸ் மேல் ஒரு வழக்கு

மழை தொடங்கினால் போதும், கிளினிக் வாசலில் கறுப்புக் கண்ணாடிகள் வரிசை கட்டிவிடும். எல்லோருக்கும் கண் சிவப்பு, எல்லோருக்கும் மெட்ராஸ் ஐ. எங்கள் டாக்டர் டார்ச் அடிப்பார், இமையை இழுப்பார், சொட்டு மருந்து எழுதுவார், அடுத்த ஆளைக் கூப்பிடுவார். சிவப்பைக் கண்டால் அவருடைய பேனா தானாகவே எழுத ஆரம்பித்துவிடும். அந்த வேகத்தில் அவருக்குப் பெருமை. வரிசை சீக்கிரம் நகர்வதால் எனக்கும் பெருமை.

காவிரித் தண்ணீருக்காக ஊர் கொதித்து, ஒருவழியாக அடங்கியிருந்த காலம் அது. ஒரு கன்னட ஆட்டோக்காரர் வந்து உட்கார்ந்தார். கன்டோன்மென்ட் பக்கமே வண்டி ஓட்டி ஓட்டி என்னைவிடச் சரளமாகத் தமிழ் பேசுவார். இரண்டு கண்ணும் தக்காளி. என் பேட்ஜில் இருந்த பெயரைப் படித்தார், சொந்த ஊர் எது என்று விசாரித்தார், மெட்ராஸுக்குப் பக்கம் என்று தெரிந்துகொண்டார். பிறகு நிதானமாகக் கேட்டார்: “நாங்க தண்ணி குடுக்கலேன்னு நீங்க இதக் குடுத்துட்டீங்களா, ஸ்வாமி?”

கணவர்கள் படிக்கும் எழுத்து

பெண்கள் தனியாகக் கண் காட்ட வந்து நான் பார்த்தது குறைவு. மனைவி நாற்காலியில் உட்காருவார், கணவர் பின்னால் நிற்பார். “தலைவலி எப்போலேருந்துங்க?” என்று நான் முன்னால் பார்த்துக் கேட்டால், “ரெண்டு மாசமா” என்று பதில் பின்னாலிருந்து வரும். சில பெண்களுக்குக் குரல் எப்படி இருக்கும் என்பதே எனக்குக் கடைசிவரை தெரியாது.

பொறுக்க முடியாமல் இருட்டறை வாசலில் ‘உள்ளே நோயாளி மட்டும்’ என்று தமிழிலும் கன்னடத்திலும் இங்கிலீஷிலும் எழுதி ஒரு போர்டு மாட்டினேன். கணவர்கள் மூன்று மொழியிலும் அதைச் சத்தமாகப் படித்துவிட்டு உள்ளே வந்தார்கள். அத்திபெலேயில் மளிகைக்கடை வைத்திருந்த ஒருவர், மனைவி ஒரு கண்ணை மூடிக்கொண்டு திணறியபோது, சுவரில் இருந்த எழுத்துகளைத் தானே கடகடவென்று படித்து முடித்தார். “சார், பவர் உங்களுக்கு இல்ல, அவங்களுக்கு” என்றேன். அவர் என்மேல் இரக்கப்பட்டுச் சொன்னார்: “அவளுக்கு நாலாவது லைன் வரைக்கும் தெரிஞ்சா போதும் சார். அதுக்குக் கீழ இருக்கறத நான் படிச்சுச் சொல்லிக்கறேன்.”

ஐந்து கட்டம் போட்ட கார்டு

புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு மஞ்சள் கார்டு போடுவோம். அதில் ஐந்து கட்டம். சர்க்கரை, பிரஷர், ஆஸ்துமா, மருந்து அலர்ஜி. ஐந்தாவது, ‘வேறு வியாதி’. முதல் நாலையும் நான் கேட்டு எழுதுவேன். ஐந்தாவதை வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே கேட்பதை விட்டுவிட்டேன். கேட்டுப் பாருங்கள், தெரியும். முழங்கால் வலியில் ஆரம்பித்து, வாயுவில் திரும்பி, மருமகளில் போய் முடியும். வெளியே நாற்பது பேர் இருமிக்கொண்டிருப்பார்கள். அதனால் அந்தக் கட்டத்தில் நானே ‘இல்லை’ என்று எழுதிவிடுவேன். காலையில் சும்மா இருக்கும்போது ஒரு கட்டுக் கார்டுக்கு மொத்தமாக எழுதி வைத்துக்கொள்வதும் உண்டு. இதை ஒரு சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்படி ஒரு கார்டு ரெஜினா டீச்சருக்குப் போட்டேன். கான்வென்ட் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுப்பவர், ஐம்பதுக்குக் கொஞ்சம் கீழே. இடது கண்ணின் வெள்ளையில், மூக்குப் பக்கமாக ஒரு சிவப்பு, பத்து நாளாகப் போகவில்லை. கூட வந்த கணவர் ஆரோக்கியராஜ் பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். உலகத்தில் உள்ள சகலத்தையும் பாஸ், ரிஜெக்ட் என்று இரண்டாகப் பிரித்துவிட்ட மனிதர். என் போர்டைப் பார்த்து, ஆணி ஒரு பக்கம் இறங்கியிருக்கிறது என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தார்.

“சர்க்கரை இருக்கா டீச்சர்?” “இல்ல” என்றார் ஆரோக்கியராஜ். “பிரஷர்?” “நார்மல்” என்றார் அவர். நாலு கேள்விக்கும் அவரே பதில் சொன்னார். டீச்சர் ஒரே ஒரு வாக்கியம்தான் பேசினார்: “மார்ச்சுல பிள்ளைங்களுக்குப் பப்ளிக் எக்ஸாம், அதுக்குள்ள சரியாயிடுமா தம்பி?” டாக்டர் டார்ச் அடித்தார், இமையை இழுத்தார், சொட்டு மருந்து எழுதினார். வெளியே வரும்போது ஆரோக்கியராஜ் மனைவியிடம் வெற்றியோடு சொன்னார்: “பாத்தியா, ஆட்டோல வரும்போதே நான் சொன்னேன், மெட்ராஸ் ஐதான்னு.”

நாலு பெயர்

மெட்ராஸ் ஐ ஒரு வாரத்தில் ஓடிவிடும். இது ஓடவில்லை. இரண்டாம் முறை வந்தபோது டாக்டர் அலர்ஜி என்றார். மூன்றாம் முறை சதை வளர்ச்சி என்றார். பள்ளிக்கூடத்து சிஸ்டர் கண் திருஷ்டி என்றாராம். பக்கத்து வீட்டில் பன்னீர் விடச் சொன்னார்கள், எதிர் வீட்டில் தாய்ப்பால் விடச் சொன்னார்கள். இந்த ஊரில் கண் சிவந்தால் பால்காரரைத் தவிர எல்லோருமே டாக்டர்.

என் பங்கையும் சொல்லிவிடுகிறேன். தாடையை வைத்துப் பார்க்கும் மைக்ராஸ்கோப்பில் டீச்சரை உட்கார வைத்து வெளிச்சத்தைச் சரி செய்வது என் வேலை. அந்தச் சிவப்பு இப்போது வெறும் சிவப்பாக இல்லை. ஒரு பருப்பு அளவுக்கு மேடாக, இளம் ரோஸ் நிறத்தில், சுற்றிலும் தடித்த ரத்த நரம்புகளோடு இருந்தது. இப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை. பார்த்ததில்லை என்று சொல்ல வேண்டிய இடத்தில், என் டிப்ளமோ என்னைச் சொல்ல விடவில்லை. “சூடு டீச்சர், எளநி குடிங்க” என்றேன். அவர் தாடையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். “டாக்டர் மூணு, நீங்க ஒண்ணு, நாலு வாரத்துல நாலு பேரு வெச்சாச்சு. இனிமே இதுக்கு ஞானஸ்நானம் குடுக்கறது மட்டும்தான் பாக்கி.”

பாட்டிலில் ஒரு கடுகு

ஐந்தாவது வாரம் டாக்டர் தன் வேகத்தைக் குறைத்தார். அதுவே எனக்குப் பயமாக இருந்தது. மரத்துப்போக மருந்து விட்டு அந்த மேட்டிலிருந்து ஒரு கடுகளவு வெட்டி, சின்ன பாட்டிலில் போட்டு என்னிடம் கொடுத்தார். ஆரோக்கியராஜ் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, லேபிளில் பெயர் சரியாக இருக்கிறதா என்று சோதித்தார். நான் அதைப் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு பரிசோதனைக் கூடத்துக்குப் போனேன்.

ரிசல்ட் வாங்கப் போன அன்று அங்கிருந்த டாக்டரம்மா என்னை நிற்க வைத்துவிட்டார். பல வருடமாகக் கண்ணாடிச் சில்லில் மனிதச் சதையைப் பார்த்துப் பார்த்து முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டாதவர். “இது கண்ணுல மொளச்சதில்லப்பா. மார்புல வர்ற கேன்சர் மாதிரி இருக்கு. அங்கருந்து கெளம்பி, கண்ணு வெள்ளைமேல இருக்கற தோலுக்கு வந்திருக்கு. இப்படி வர்றது ரொம்ப அபூர்வம், என் சர்வீஸ்லயே நான் பாத்ததில்ல” என்றார். பிறகு நான் கொண்டுபோயிருந்த மஞ்சள் கார்டை எடுத்தார். ஐந்தாவது கட்டத்தில் விரலை வைத்தார். “அந்தம்மாவுக்கு இதுக்கு முன்னாடி ஒரு வியாதியும் இல்லன்னு போட்டிருக்கே, இத யாருப்பா எழுதினது?”

வாசலில் இருந்த போர்டு

டாக்டர் ஆரோக்கியராஜை மட்டும் தனியே கூப்பிட்டார். ஃபைல் எடுத்துக் கொடுக்கிற சாக்கில் நானும் நின்றேன். நாலு வருடத்துக்கு முன் டீச்சருக்கு மார்பில் கட்டி எடுத்திருக்கிறார்கள். கேன்சர்தான். கரன்ட், அதாவது கதிர்வீச்சு, வைத்திருக்கிறார்கள். எல்லாம் சுத்தம் என்று அன்றே சொல்லிவிட்டார்களாம், இவரும் பாஸ் போட்டுவிட்டார். “அவளுக்கு சாதாக் கட்டின்னு சொல்லி வெச்சிருக்கேன் டாக்டர். அவளுக்குத் தெரியாது. தெரியவும் கூடாது, தாங்கமாட்டா” என்றார். பீன்யாவையே நடுங்க வைத்த அந்த மனிதர் பேசும்போது, கையில் இருந்த சட்டைப் பொத்தான் ஒன்றை உருட்டிக்கொண்டே இருந்தார். எப்போது பிய்த்தார் என்று தெரியவில்லை. எனக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது, அது என்மேல்தான்.

அவர் உள்ளே இருக்கும்போதே இருட்டறைக்குப் போனேன். என் போர்டு சொன்னபடி முதல்முறையாக நோயாளி மட்டும் இருந்தார். “டீச்சர், வேற வியாதி ஏதாவது உண்டா?” என்று கேட்டேன், ஐந்து வாரம் லேட்டாக.

“நாலு வருஷம் முன்னாடி மார்புல கேன்சர்” என்றார், வீட்டு விலாசம் சொல்கிற மாதிரி. “சார் உங்களுக்குத் தெரியாதுன்னு...” என்று இழுத்தேன். டீச்சர் சிரித்தார். “ஆஸ்பத்திரி வாசல்ல எவ்ளோ பெரிய போர்டு தெரியுமா தம்பி? கேன்சர் ஆஸ்பத்திரின்னு மூணு பாஷையில எழுதியிருக்கு. ஆறு வாரம் அதுக்குக் கீழயேதான் என்னைக் கூட்டிட்டுப் போனாரு. அதைக்கூட நான் படிச்சிருக்கமாட்டேன்னு நெனச்சிட்டிருக்காரு.”

ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்டேன். கேட்கும்போதே பதில் எனக்குத் தெரிந்திருந்தது. “நீங்க நாலு கேள்வி கேட்டீங்க, நாலுக்கும் அவரு பதில் சொல்லிட்டாரு. அஞ்சாவது நீங்க கேக்கவேயில்ல. கேட்டிருந்தா, பர்ஸை ஆட்டோல விட்டுட்டேன்னு அவரை வெளிய அனுப்பிட்டு உங்ககிட்ட சொல்லியிருப்பேன். நாலு வருஷமா எவ்ளோ கஷ்டப்பட்டு மறைச்சிட்டிருக்காரு, அதை நான் கெடுக்கலாமா?”

பியூட்டிஃபுல்

அபூர்வமான வியாதி வந்தால் நோயாளிக்கு ஒரு சலுகை உண்டு: வரிசையில் நிற்க வேண்டாம், டாக்டர்கள்தான் வரிசையில் நிற்பார்கள். டீச்சரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போன அன்று நானும் கூடப் போனேன். தாடையை வைத்து அவர் உட்கார்ந்திருக்க, பயிற்சி டாக்டர்கள் ஒவ்வொருவராக மைக்ராஸ்கோப்பில் குனிந்து, “பியூட்டிஃபுல்!” என்றார்கள். ஒருவர் மூன்று முறை குனிந்தார். இன்னொருவர் கேமராவோடு வந்து, “கொஞ்சம் மேல பாருங்க, கொஞ்சம் கீழ பாருங்க” என்று கல்யாண வீட்டு போட்டோகிராபர் மாதிரி படுத்தினார். நாலு வாரம் அதற்கு மெட்ராஸ் ஐ, அலர்ஜி, சதை வளர்ச்சி என்று பெயர் மாற்றி மாற்றி மருந்து விட்ட எங்கள் டாக்டர் பக்கத்தில் நின்று, தான் கண்டுபிடித்ததாகவே விளக்கிக்கொண்டிருந்தார்.

வியாதி கல்லீரலுக்கும் போயிருந்தது. டாக்டர்களின் உற்சாகம் அதைக் கேட்டும் குறையவில்லை. எனக்குத்தான் யாரையாவது அறைய வேண்டும்போல் இருந்தது. முதலில் அறைய வேண்டிய கன்னம் என்னுடையது என்பதால் சும்மா இருந்தேன். டீச்சர் நிமிர்ந்து, வலித்த கழுத்தைத் தடவிக்கொண்டு என்னிடம் சொன்னார்: “இருவத்தாறு வருஷத்துல எங்க வீட்டுக்காரர்கூட என் கண்ணு அழகா இருக்குன்னு சொன்னதில்ல தம்பி. இன்னிக்கு ஒரே காலையில ஏழு பேரு.”

டீச்சர் போட்ட வினாத்தாள்

மருந்து ஏற்றினார்கள், கண்ணுக்குக் கரன்ட் வைத்தார்கள். ஆரோக்கியராஜ் மனைவியிடம், கண் வீக்கத்துக்கு ‘லைட் ட்ரீட்மென்ட்’ என்று சொல்லியிருந்தார். தலைமுடி கொட்டியதற்கு பெங்களூர் போர்வெல் தண்ணீரைக் காரணம் காட்டினார். டீச்சர் இரண்டையும் நம்பினார், அல்லது நம்பும் வேலையை ஒழுங்காகச் செய்தார். கண்ணில் இருந்த மேடு சிறுத்துச் சிறுத்து, ஜனவரியில் வெள்ளை வெள்ளையாகவே திரும்பிவிட்டது. உடம்புக்குள் இருந்தது திரும்பவில்லை. ஐந்து வாரம் முன்னால் பிடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எங்கள் டாக்டரைக் கேட்டேன். பெரிதாக எதுவும் மாறியிருக்காது என்றார். அவர் சொல்வதை நம்ப ஆசையாக இருந்தது. ஆனால் பதிலை நம்பாமல் இருப்பதுதானே என் தொழில்.

பிப்ரவரியில் டீச்சர் படிக்கிற கண்ணாடி மாற்ற வந்தார். தலையில் ஸ்கார்ஃப், கையில் திருத்த வேண்டிய பேப்பர்கள். கணவரை மருந்துக்கடைக்கு அனுப்பிவிட்டு, என் மஞ்சள் கார்டு ஒன்றை வாங்கினார். சிவப்புப் பேனாவால் ஐந்தாவது கட்டத்தை அடித்தார். அதன் பக்கத்தில் எழுதினார்: ‘5. உடம்பில் எங்காவது, எப்போதாவது கட்டி எடுத்திருக்கிறார்களா? கூட வந்தவரை வெளியே அனுப்பிய பிறகு கேட்கவும்.’ எங்கள் டாக்டர் அதை அப்படியே அச்சடித்தார். கண் டாக்டர்கள் மாநாட்டில் டீச்சரின் கண்ணைத் திரையில் போட்டுக் காட்டி, புதுக் கார்டு தன் யோசனை என்று கைதட்டலும் வாங்கினார். அதெல்லாம் பிறகு. அன்று டீச்சர் கார்டை என்னிடம் நீட்டி, தோற்றுப்போன மாணவனிடம் சொல்கிற குரலில்தான் சொன்னார்: “வேறு வியாதின்னு பொதுவாக் கேட்டா எவனும் பதில் எழுதமாட்டான் தம்பி, கேள்வியத் தெளிவாக் கேக்கணும்.”

நோயாளி மட்டும்

மார்ச்சில் அவர் பிள்ளைகள் பரீட்சை எழுதினார்கள். ரிசல்ட் வந்தபோது டீச்சர் கட்டிலில் படுத்தபடி ஒவ்வொருவர் மார்க்கையும் கேட்டாராம். நவம்பரில் போய்விட்டார். கல்லறைத் தோட்டத்தில் பின்வரிசையில் நின்றேன். கிட்டே போக எனக்கு முகமில்லை.

தை மாதம் ஆரோக்கியராஜ் தனக்குக் கண்ணாடி போட வந்தார். இருட்டறை வாசலில் அப்படியே நின்றுவிட்டார். “நோயாளி மட்டும்னு போட்டிருக்கே தம்பி” என்றார். அந்தப் போர்டுக்கு மதிப்புக் கொடுத்த முதல் கணவர். “நீங்கதான் சார் நோயாளி, வாங்க” என்று கையைப் பிடித்து உட்கார வைத்தேன். புதுக் கார்டை வாங்கிப் பார்த்தார், ஐந்தாவது கேள்வியை இரண்டு முறை படித்தார். “நல்ல கேள்வி. பாஸ். யாரு போட்டது?” என்றார். டாக்டர் என்றேன். எழுத்துகளைக் கடைசி வரி வரைக்கும் தப்பில்லாமல் படித்தார். படித்துவிட்டு, பக்கத்தில் காலியாக இருந்த இடத்தை ஒரு தடவை பார்த்தார். அப்புறம் என் பக்கம் சாய்ந்து, “அன்னிக்கு நான் டாக்டர்கிட்ட பேசிட்டிருந்தப்ப நீங்க அவகூட இருந்தீங்க. அந்த வியாதியப் பத்தி அவ ஏதாவது சொன்னாளா தம்பி?” என்று கேட்டார்.

“இல்ல சார்” என்றேன்.

ஒரு பெரிய மூச்சு விட்டார். ஐந்து வருடமாக அடக்கி வைத்திருந்தது போலிருந்தது. “அதான பாத்தேன். கடைசி வரைக்கும் அவளுக்குத் தெரியாது தம்பி. நான் தெரிய விடல.”

என் சர்வீஸில் எத்தனையோ ‘இல்லை’ போட்டிருக்கிறேன். கேட்காமலே எழுதிய ஒன்று டீச்சருடைய ஐந்து வாரத்தைத் தின்றது, கேட்டதற்குப் பொய்யாகச் சொன்ன இந்த ஒன்றுதான் நான் சரியாக நிரப்பிய ஒரே கட்டம்.